செனாதான் வேகமானவர் என்று கணினி சொன்னதா? ஒரு திருத்தம்

அண்ணே, "எல்லாக் காலத்துக்கும் வேகமான ஓட்டுநர் செனாதான், கணினியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேசில் நாட்டுக் கார்ப்பந்தய ஓட்டுநர் அயர்ட்டன் செனாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் 2020இல் கணினிக் கணக்கில் வந்த அந்தப் பட்டியல் 1983 முதல் ஓடிய ஃபார்முலா 1 ஓட்டுநர்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய காலத்துச் சாம்பியன்களான ஃபாஞ்சியோவும் ஜிம் கிளார்க்கும் அதில் தோற்கவில்லை, சேர்க்கப்படவே இல்லை.

இன்னொன்று, அது பந்தய வெற்றிகளைப் பார்க்கவில்லை. ஒரே அணியில், ஒரே வகைக் காரில் ஓடிய இருவரின் தகுதிச்சுற்று (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் சுற்று) நேரங்களை ஒப்பிட்டு, அந்தச் சங்கிலியை அணி அணியாக நீட்டியது. 1988, 89இல் 32 தகுதிச்சுற்றுகளில் 28 தடவை செனா தன் அணித்தோழர் புரோஸ்டை முந்தினார். அதனால் அவர் உச்சத்தில் வருவது சரிதான். ஆனால் அதே கணக்கில் ஒரே ஒரு பந்தயம் வென்ற கோவலைனன் 8ஆவது, நான்கு முறை உலகச் சாம்பியனான புரோஸ்ட் 20ஆவது! இதை ஒப்புக்கொள்வீர்களா?

நம்ம நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தையே பாருங்கள். கார்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏறும், கடிகாரம்தான் எதிரி. அங்கேகூட மூடுபனியில் ஏறியவனையும் வெயிலில் ஏறியவனையும் ஒரே தராசில் வைத்தால் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்களே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சரி, தகுதிச்சுற்றுதான் அளவு என்றால் இதையும் பாருங்கள்: ஃபாஞ்சியோ 51 பந்தயங்களில் 29 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டார், கிளார்க் 72இல் 33, செனா 161இல் 65. இந்த மூவரில் விகிதத்தில் செனா மூன்றாவதுதான். "1983 முதல்" என்ற இரண்டு சொல்லை மட்டும் சேர்த்துவிடுங்கள், நானும் உங்கள் பக்கம்.