ஒயர் இல்லாத கித்தார்

"அடுத்து ராக் இசைக்குழு!" என்று அறிவித்தார்கள். டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இந்த ஆண்டு நான் போன மூன்றாவது கல்யாண வரவேற்பு. மூன்றிலும் இதே கூத்துதான். வெள்ளைக் கோட்டு மாட்டிய நான்கு பையன்கள். டிரம்ஸ் இல்லை. ஒருவன் கழுத்தில் கித்தார் தொங்கியது. அதில் ஒயர்கூடச் செருகவில்லை! பாட்டு மொத்தமும் பென் டிரைவிலிருந்து வந்தது. இதற்குப் பெயர் ராக்கா?

ஆடிப் பாடட்டும், யார் வேண்டாம் என்றது? பெயரை ஏன் திருட வேண்டும்? 1976இல் டப்ளினில் ஒரு பள்ளி மாணவன் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிச் சேர்த்த பையன்கள்தான் யூ2 ராக் குழு. பீட்டில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கேளிக்கை விடுதிகளில் இரவிரவாக வாசித்துத் தேறியவர்கள். ஒன் டைரக்‌ஷனோ, 2010இல் தொலைக்காட்சிப் போட்டிக்குத் தனித்தனியாகப் பாட வந்த ஐந்து பேரை நடுவர்கள் கோத்துவைத்த பாட்டுக் குழு. தானாகக் கூடியதும் பிறர் பொறுக்கிச் சேர்த்ததும் ஒன்றா?

என் தம்பி கராஜில் பதினைந்து வருடமாகக் கித்தார் வாசிக்கிறான். இடது கை விரல் நுனிகள் காய்த்து, தொட்டால் கட்டைபோல இருக்கும். அன்று அதே மண்டபத்தில் தலைகுனிந்து பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.