25 வாட் குற்றவாளி

எங்க ஹாஸ்டல்ல மாடிக்கு ஒரு தேய்க்கிற மேசை உண்டு. மரப்பலகை, அதுமேல பாதி கருகின போர்வை, அதுமேல 1000 வாட் அயர்ன் பாக்ஸ். ஒயரைப் பாத்தா இன்சுலேஷன் டேப்பே ஒயரை விட அதிகமா இருக்கும். அதுக்கு முழு அனுமதி. ஏன்னா சட்டை கசங்கி கிளாஸுக்குப் போனா ஃபைன். ஆனா என் டேபிள்ல இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் மட்டும் "தீ விபத்து ஏற்படுத்தக்கூடிய தடை செய்யப்பட்ட மின்சாதனம்". பறிமுதல் நோட்டுல கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு வரிசையில இதையும் எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க.

நான் படிக்கிறது ஈசிஇ. எலக்ட்ரானிக்ஸ். இதைத் தனியா சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அங்கதான் எரியுது. நீச்சல் கத்துக்க வந்தவன்கிட்ட தண்ணி வச்சிருக்கியான்னு சோதனை போடற கதை இது.

ரூம் செக்கிங் வந்தவங்க சால்டரிங் அயர்னோட நிறுத்தல. ஈயச் சுருள், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, அப்புறம் ஒரு காரோட மீட்டர் போர்டு, எல்லாம் போச்சு. "காருக்குள்ள இருக்க வேண்டியது ரூம்ல எதுக்குப்பா?"ன்னு வார்டன் கேட்டார். புதுப்பேட்டையில வாங்கினேன் சார்னேன். "பில் எங்க?"ன்னார். புதுப்பேட்டையில உடைச்ச வண்டி பார்ட்ஸுக்கு பில்! கேட்டிருந்தா கடைக்கார அண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு விலையை ஏத்தியிருப்பார். அடுத்து, "சிவப்பு லைட் எரியுது, ஒயர் தொங்குது, பக்கத்துல பேட்டரி. போலீஸ் வந்தா நான் என்னப்பா சொல்றது?" அந்த சிவப்பு லைட் என்னன்னு தெரியுமா? ஹேண்ட்பிரேக் இண்டிகேட்டர். தமிழ்நாட்டுல கார் ஓட்டுற அத்தனை பேரும் தினம் பாக்குற லைட்.

சரி, நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்? எங்க அப்பாகிட்ட இருக்கிறது ஒரு சின்ன பேஸ் மாடல் கார். ஆர்பிஎம் முள் கிடையாது, டெம்பரேச்சர் முள் கிடையாது. இஞ்சின் கொதிச்சா ஒரு லைட் எரியும், அவ்வளவுதான், அதுக்குள்ள லேட் ஆயிடும். ஆனா வண்டியோட ஈசியூவுக்கு, அதான் இஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, எல்லாக் கணக்கும் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கே, சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டுவாங்களே, அது வழியா கேட்டா சொல்லும். அமெரிக்காவுல இது 1996லயே கட்டாயம், நமக்கு பிஎஸ் 4 புகை விதி காலத்துல வந்துச்சு. இஞ்சின் வேகத்தைக் கேட்டா ரெண்டு எண் திரும்பி வரும். உதாரணத்துக்கு 26, 248. முதல் எண்ணை 256ஆல பெருக்கி, ரெண்டாவதைக் கூட்டி, நாலால வகுத்தா 1726 ஆர்பிஎம். கூலன்ட் சூடு இன்னும் சுலபம், வர்ற எண்ணுல 40 கழிச்சா டிகிரி. இதை ராஸ்பெரி பைங்கிற ஒரு பழைய குட்டிக் கம்ப்யூட்டர்ல வாங்கி சின்ன ஸ்கிரீன்ல காட்டணும். பேஸ் மாடலுக்கு டாப் மாடல் டிஸ்ப்ளே. அப்பா ஊருக்கும் சென்னைக்கும் ஓட்டிட்டு வரும்போது கண்ணெதிர்ல சூடு தெரியும்.

ஹாஸ்டலுக்கு கார் கொண்டுவர முடியாது. அதனாலதான் மீட்டர் போர்டு. டேபிள்ல வச்சு 12 வோல்ட் குடுத்து, கேன் பஸ்ல, அதான் காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஒயர்ல, சரியான மெசேஜ் அனுப்பினா அது நிஜ வண்டியில இருக்கோம்னு நம்பிடும். முள்ளு ஏறும். அந்த முள்ளு முதல் தடவை எழுந்து நின்ன ராத்திரி எங்க விங்ல பாதிப் பேர் என் ரூம்ல இருந்தாங்க. சிவில் பசங்க உட்பட. "மச்சான் 120ல வை, 120ல வை"ன்னு ஒரே சத்தம். கட்டில்மேல உக்காந்து 120ல போனோம்.

இந்த கேன் பஸ் ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. பாஷ் கம்பெனி 1986லயே வெளியிட்டது. ரெண்டே ஒயர், ஒரு மெசேஜுக்கு அதிகபட்சம் 8 பைட். ரோட்டுல ஓடற ஏறக்குறைய எல்லாப் புதுக் காருக்குள்ளயும் இருக்கு. நாங்க மூணாவது வருஷம் வந்தும் கிளாஸ்ல யாரும் அதைக் கையில தொட்டதில்ல. லேப்ல இருக்கிறது 8086 கிட், 1978ல வந்த சிப். அடுத்த மேசையில 8051, அது 1980. ரெண்டும் நல்ல சிப்புதான், அடிப்படைக்குத் தேவைதான், அதுல எனக்குச் சண்டை இல்ல. என் சண்டை, அந்த லேப்பும் நாலரைக்குப் பூட்டிடும்ங்கிறதுல. கிளாஸ் முடியறது நாலேகால். கால் மணி நேரத்துல எதை அய்யா கண்டுபிடிக்கிறது?

பின்ன எங்க கத்துக்கறதாம்? சொல்றேன். ரிச்சி தெருவுல வாங்கின எம்சிபி 2515 போர்டு, அதான் கேன் பஸ் மெசேஜைப் படிக்கிற போர்டு, ஒரு மெசேஜைக்கூடப் பிடிக்கல. டிபார்ட்மென்ட்ல கேட்டேன். ஒருத்தர் "டேட்டாஷீட் பாரு"ன்னார். இன்னொருத்தர் "இது சிலபஸ்லயே இல்லயேப்பா, எதுக்கு வீண் வேலை, கேட் பரீட்சை கோச்சிங் போ"ன்னார். கடைசில புதுப்பேட்டையில மீட்டர் போர்டு தேடிப் போனப்ப, பக்கத்துக் கடை கார் எலக்ட்ரீஷியன்கிட்ட சும்மா புலம்பினேன். கையில ஸ்பேனரோட நின்னுக்கிட்டே கேட்டார்: "தம்பி, கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டு அந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல மல்டிமீட்டர வச்சியா? 60 ஓம் வருதா?" வைக்கல. ரூமுக்கு வந்து வச்சேன். 120 காட்டுச்சு. பஸ்ஸோட ரெண்டு முனையிலயும் டெர்மினேஷன்னு ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும், ரெண்டும் பேரலல்ல சேந்தா 60. எனக்கு ஒரு முனைதான் இருந்துச்சு. அடுத்த சிக்கல், போர்டோட வேகத்துக்குத் தாளம் போடற கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸ், இணையத்துல எடுத்த கோடு 16ன்னு நெனச்சுக்கிட்டு இருந்தது. அதனால வேகம் அப்படியே பாதி. ரெண்டையும் சரி பண்ணினதும் மெசேஜ் மழை மாதிரி கொட்டுச்சு. நெட்வொர்க் தியரியில பேரலல் ரெசிஸ்டன்ஸ் எழுதி மார்க் வாங்கினவன்தான் நானும். அது எதுக்குன்னு புரிஞ்சது புதுப்பேட்டையில, கிரீஸ் கறை படிஞ்ச ஒரு சட்டைக்காரர்கிட்ட.

இப்ப அடுத்த கூத்து. ப்ராஜெக்ட் எக்ஸ்போ.

எந்த இஞ்சினியரிங் காலேஜ் ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல "ஐ டிரிபிள் ஈ ப்ராஜெக்ட்ஸ்"னு போர்டு பாத்திருப்பீங்க. உள்ள போனா மெனு கார்டு மாதிரி டைட்டில் லிஸ்ட் குடுப்பாங்க. பணம் கட்டினா கிட், ரிப்போர்ட், பிபிடி, வைவா கேள்வி பதில், எல்லாம் ஒரே கவர்ல. எங்க எக்ஸ்போல முதல் பரிசு வாங்கினது, "குடிபோதை வாகன விபத்துத் தடுப்பு அமைப்பு". எம்க்யூ 3 ஆல்கஹால் சென்சார், ஒரு எல்சிடி, ஒரு பஸ்ஸர், ஒரு ரிலே. இஞ்சின் எதுன்னு கேட்டா, தெர்மாகோல் கார்மேல ஒட்டின பொம்மை மோட்டார். டியோடரன்ட் அடிச்சா மோட்டார் நிக்கும், பஸ்ஸர் கத்தும், நடுவர் கைதட்டுவார். இதே ப்ராஜெக்ட்டை எங்க சீனியர் காட்டினார், அவரோட சீனியரும் காட்டினாராம். சென்சார்ல சானிடைசர் கையைக் காட்டினாலும் நிக்குமேன்னு ஒரு நடுவர் கேக்கல. நிஜ வண்டியில அந்த ரிலேயை எங்க மாட்டுவன்னு ஒருத்தர் கேக்கல. ஓடிட்டிருக்கும்போது இஞ்சின் நின்னா பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் என்ன ஆகும்னு சத்தியமா ஒருத்தரும் கேக்கல.

அந்த ரிப்போர்ட்டையும் பாத்தேன். பவர் சப்ளைக்குத் தனியா ஒரு அத்தியாயம். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், கப்பாசிட்டர், 7805ங்கிற 5 வோல்ட் ஐசி, எல்லாத்துக்கும் படம். டேபிள்ல ஓடினது என்னவோ செல்போன் சார்ஜர்ல. சரி, 7805ஐயே காருல வச்சதா வச்சுக்குவோம். இஞ்சின் ஓடும்போது லைன்ல 14 வோல்ட் இருக்கும். அதை 5 ஆக்கி ஒரு ஆம்ப் எடுத்தா மீதி 9 வோல்ட், 9 வாட் மொத்தமும் சூடா போகும். அந்தச் சின்ன ஐசி தாங்காது. அதனாலதான் அவ்வளவு சூடாகாம வோல்ட்டேஜைக் குறைக்கிற பக் கன்வர்ட்டர் போட்டேன்.

என்கிட்ட நடுவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பஸ்ஸர் எங்கப்பா?" ரெண்டாவது, "பேஸ் பேப்பர் எங்க?" அதாவது ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையா எடுத்த ஆராய்ச்சிக் கட்டுரை. எங்க அப்பா காருக்கு பேஸ் பேப்பர் எங்க போய் தேடறது! மூணாவதா, "இதான் ஏற்கெனவே மார்க்கெட்ல இருக்கே, புதுமை என்ன?" அட சாமி, பக்கத்து மேசையில பொம்மை மோட்டார் சுத்துது, புதுமையை என்கிட்ட கேக்குறீங்களே.

வாங்கினவங்கமேல எனக்குக் கோவம் இல்ல. நிஜமா சொல்றேன். செஞ்சா பறிமுதல், வாங்கினா பரிசுன்னு இருக்கிற இடத்துல புத்தியுள்ளவன் வாங்கத்தான் செய்வான். வீட்டுக்கு போன் போட்டு "உங்க பையன் ரூம்ல ஏதோ வெடிப்பொருள் மாதிரி வச்சிருக்கான்"னு சொல்லி அம்மாவை அழவச்சா, அடுத்த வருஷம் எவன் சால்டரிங் அயர்னைக் கையில எடுப்பான்?

ஆனா மேடையேறினா பேச்சு வேற. முதல் வருஷம் வரவேற்பு விழாவுல "வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள்"னு முழங்கினாங்க. ஏதர் ஸ்கூட்டரை உதாரணம் சொன்னாங்க. ஆமா, ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச ரெண்டு பேர் 2013ல ஆரம்பிச்ச கம்பெனி, இன்னைக்கு ஓசூர்ல ஃபேக்டரி. கேக்க நல்லாத்தான் இருக்கு. அதே ஐஐடியில சென்டர் ஃபார் இன்னொவேஷன்னு பசங்களுக்காகவே ஒரு பட்டறை 2008ல இருந்து ஓடுதுங்கிற பாதியை மட்டும் மேடையில யாரும் சொல்லல. எங்களுக்கும் இன்னொவேஷன் சென்டர் இருக்கு சார்! கண்ணாடிக் கதவு, உள்ள த்ரீ டி பிரிண்டர், அதுமேல இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் கவர். காலேஜுக்கு கிரேடு போடற நாக் குழு வர்ற அன்னைக்குத் திறப்பாங்க, ஒரு யானை பொம்மை பிரிண்ட் ஆகும், மூடுவாங்க. மெக்கானிக்கல் பசங்க பாஹா போட்டிக்கு வண்டி செய்யற ஷெட்டுக்குப் போனா "நீ ஈசிஇ, உனக்கு இங்க என்ன வேலை?" அந்த வண்டிக்கு ஒயரிங் போடறதுக்கு ஆள் இல்லாம அவங்களும் வெளிய காசு குடுத்துட்டு இருக்காங்க.

ராத்திரி பதினொன்னுக்கு ரூம் லைன் ஆஃப் பண்ற கொடுமையை ஒரு வரில சொல்லிட்டுப் போறேன். எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனா ராஸ்பெரி பையோட மெமரி கார்டு கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. காருல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணும்போதும் இதே பிரச்சினைதான், அதுக்குத்தான் அந்த 12 வோல்ட் பேட்டரி. வெடிகுண்டுக்கு இல்ல.

ஹாஸ்டல்ல தீ பயம் நியாயமானது. மெத்தைமேல சூடான அயர்னை வச்சிட்டுத் தூங்கற ஆளும் இருக்கான், அதையும் ஒத்துக்கறேன். அதனாலதான் ரூம்லயே அனுமதி குடுங்கன்னு நான் கேக்கல. கீழ்த்தளத்துல உடைஞ்ச கட்டில் போட்டு வச்சிருக்கிற அறையில ஒரு மேசை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு தீயணைப்பான், ராத்திரி பத்து வரைக்கும் சாவி. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு உள்ள போறோம். இதுக்கு ஆகுற செலவு எக்ஸ்போ அன்னைக்கு மேடைக்குப் பின்னாடி கட்டின ஃபிளெக்ஸை விடக் கம்மியாத்தான் இருக்கும்.

இதைத்தான் லெட்டரா எழுதிக் குடுத்தேன். கிளாஸ் அட்வைசர் கையெழுத்துப் போட்டார், நல்ல மனுஷன். ஹெச்ஓடி "ஃபார்வர்டட்"னு எழுதினார். வார்டன் அதைப் பாத்துட்டு "ரெகமண்டட்னு இருந்தாத்தான் நான் எடுத்துக்க முடியும்"னார். திரும்பப் போனா ஹெச்ஓடி, "வார்டன் நோ அப்ஜெக்ஷன் குடுத்தா நான் ரெகமண்ட் பண்றேன்". ரெண்டு பேர் ரூமுக்கும் நடுவுல ஒரு கிரவுண்டு. நான் அதுல கேன் பஸ் மெசேஜ் மாதிரி ஓடிட்டிருக்கேன், எந்த முனையிலயும் டெர்மினேஷன் இல்ல.

பொருளெல்லாம் செமஸ்டர் முடிஞ்சாத்தான் திரும்பக் கிடைக்குமாம். சால்டரிங் அயர்ன் பரவால்ல, துருப்பிடிச்சாலும் பிட்டை மாத்திக்கலாம். மீட்டர் போர்டை மட்டும் கவுத்து வைக்காதீங்க சார், முள்ளு வளைஞ்சிடும். அப்புறம் அந்த பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரியை மாசக்கணக்குல சார்ஜ் இல்லாம போட்டா சல்ஃபேஷன் ஆகி செத்துடும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போடுங்க. சார்ஜரும் நீங்க எடுத்துட்டுப் போன அதே பையிலதான் இருக்கு. அதுக்கு ஒரு ரெக்வெஸ்ட் லெட்டர் வேணும்னா சொல்லுங்க, இப்பவே எழுதித் தர்றேன்.