உறை புதிதென்றால் கிரிஸ் போலியா?
கிரிஸ் என்கிற குத்துவாளின் உறையும் அலகும் (கத்திப் பகுதி) ஒரே காலத்தவையாக இல்லாவிட்டால் அதன் மதிப்பு பாதியாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது ஜாவாவுக்குப் பொருந்தாது. அங்கே அலகுதான் பொருள், உறை அதற்கு உடுப்பு. மரம் விரிசல் விட்டாலோ பூச்சி அரித்தாலோ பழைய அலகுக்குப் புது உறை செய்வது சர்வசாதாரணம். வசதியுள்ளவர்கள் விழாவுக்கு முனை நீண்ட லாட்ராங், மற்ற நாளுக்கு உருண்டு திரண்ட கயாமான் என்று ஒரே அலகுக்கு இரண்டு உறை வைத்திருப்பார்கள். மத்திய ஜாவாவின் சோலோ நகரில் ஒரு பட்டறையில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். ஆசாரி அலகை நுழைப்பார், எடுப்பார், உரசின இடத்தை மட்டும் லேசாகச் சுரண்டுவார், மறுபடி நுழைப்பார். அலகின் அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்றிருப்பதால் ஒன்றின் உறை இன்னொன்றுக்குச் சேராது. பிடியையும் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. பிடிக்குள் போகும் அலகின் வாலில் துணியோ முடியோ சுற்றி இறுக்குவதோடு சரி, ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமே! உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்தச் சுத்தம் செய்வதைப் பற்றித்தான். எலுமிச்சைச் சாறில் துரு நீக்கி ஆர்சனிக் கலவை பூசினால் இரும்பு கறுத்து, இரும்போடு சேர்த்து அடித்த நிக்கல் கோடுகள் பளிச்சென்று எழும்பும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் கரையும். பல பழைய அலகுகளின் விளிம்பு மெலிந்துபோனது இப்படித்தான். ஒருவர், எல்லோருமே கிரிஸை முதுகில்தான் செருகுவார்களா என்று கேட்டிருந்தார். இல்லை. ஜாவாவில் இடுப்புக்கச்சையின் பின்புறம், பிடி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். பாலியில் பிடி தோளுக்கு மேல் தெரிகிற அளவு உயரத்தில். சுமத்ரா மலாய்க்காரர்கள் முன்பக்கம் செருகுவார்கள்.