வெளிநாட்டில் இருப்பவளுக்கும் திங்கட்கிழமை வரும்

நம் சொந்தக்காரர்கள் குழுவில் வந்த அந்தக் குரல் பதிவைக் கேட்டவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கேட்காதவர்களுக்காக அதை எடுத்து இங்கே போடப்போவதில்லை. அதில் வரும் ஒரு பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். "ஜெர்மனி வரைக்கும் போயி ஒரு மாசம் அவ வீட்ல இருந்தோம், லேப்டாப்ப விட்டு எந்திரிக்கவே இல்ல, எங்கள அநாத மாதிரி ரயில்ல ஏத்தி விட்டுட்டா." சொன்னவர் என் தாய்மாமன். என் கல்யாணத்துக்கு முன்னால் நின்று சீர் செய்தவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இவர் சொன்னதால்தான் மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு நீங்கள் வருவது உங்களுடைய விடுமுறைக்கு. எனக்கு அது ஜூன் மாதம், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு, இந்தியாவில் பத்தரை ஆகும்போது, சென்னையில் இருக்கும் எங்கள் குழுவோடு கூட்டம் தொடங்கும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று அந்தக் கூட்டம் நிற்காது. பிரேக் மென்பொருளை வண்டியில் ஏற்றிச் சோதிக்கும் தேதி தள்ளிப்போகாது. இதை நான் மாமாவும் அத்தையும் விசா வாங்குவதற்கு முன்பே சொன்னேன். வந்து இறங்கிய அன்றும் சொன்னேன். இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

விசா என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் பலருக்கும் தெரியும். அழைப்பவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டுகளைக் காட்டி, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருகிறவர்கள் தங்குவது, சாப்பிடுவது, ஆஸ்பத்திரிச் செலவு, ஏதாவது சிக்கலாகிவிட்டால் அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு வரைக்கும் நானே பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம். அன்பு இல்லாதவள் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டாள். இதை யாரும் குரல் பதிவில் சொல்லவில்லை.

சரி, "லீவு போட்டிருக்கலாமே" என்பீர்கள். சொந்தக்காரர்கள் குழுவில் நாலைந்து பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு இங்கே சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் லீவு. பல நிறுவனங்களில் 30 நாள் கொடுக்கிறார்கள், எங்கள் இடத்திலும் அப்படித்தான். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடு இது, எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை மட்டுமே ஆறரை வாரம் வருகிறது. அப்புறம் ஈஸ்டர், பெந்தகொஸ்தே, இலையுதிர் காலம், கிறிஸ்துமஸ். பாட்டி வீட்டில் பிள்ளையை விட எங்களுக்கு இங்கே பாட்டி வீடு இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நானும் கணவரும் பள்ளி நாட்காட்டியை மேசையில் விரித்து, இந்த வாரம் உனக்கு, அந்த வாரம் எனக்கு என்று லீவைப் பிரித்து எழுதுகிறோம். குடும்பமாகச் சேர்ந்து எடுக்கும் லீவு அதில் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமாவும் அத்தையும் இருந்த அந்த மாதத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லையா? ஞாயிற்றுக்கிழமை காரில் ரைன் அருவிக்குக் கூட்டிப்போனேன். 150 மீட்டர் அகலத்தில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு மாமா, "இங்க பாக்கத்தான் முடியும், நம்ம அகஸ்தியர் அருவில இறங்கிக் குளிக்கலாம்லா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதற்கு என் போனில் படங்கள் இருக்கின்றன. ஜூனில் இங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அத்தைக்கு அந்த வெளிச்சத்தில் நடக்கப் பிடிக்கும் என்பதால், வேலை முடித்த கையோடு தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டப் பாதையில் ஏறி இறங்கினேன். திரும்பி வந்து சமைத்து, பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் வருவார் என்று மிக்சியைத் துண்டில் சுற்றி அரைத்து முடிக்கும்போது, மறுநாள் ஏழு மணிக் கூட்டம்தான் கண் முன்னால் நிற்கும்.

நடுவில் வேலைக்காக ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்குப் போக வேண்டி வந்தது. போகும் முன் மாவு ஆட்டி, குழம்பு வைத்து, ஈழத்தமிழர் கடையில் வாங்கிய முருங்கைக்காயை நறுக்கி, ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினேன். அது எப்படி "விட்டுட்டுப் போயிட்டா" ஆனது?

அதே மாதம், வியாழக்கிழமை வந்த திருவிழா விடுமுறையோடு வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு கணவரின் நண்பர் குடும்பம் வந்தது. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோட்டைக்குச் சீட்டில் போட்டிருக்கும் நிமிடத்தில் வாசலில் நிற்க வேண்டும், தவறினால் சீட்டு செல்லாது. விடிகாலையில் எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறு கட்டியவள் நான். அந்த வாரம் மாடிப்படி துடைக்கும் முறையும் எங்களுடையது. இந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் வாரம் மாற்றி வாரம் படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும், முறை வந்தால் கதவில் பலகை மாட்டிவிடுவார்கள். நான் வாளியோடு நின்றதைப் பார்த்து அந்த நண்பர், "ஆள் வெச்சுக்கக் கூடாதா, இவ்ளோ சம்பளம் வாங்குறீங்க" என்றார். பதில் சொல்ல அப்போது எனக்குத் தெம்பு இல்லை.

இனி அந்த ரயில் கதை. மாமாவும் அத்தையும் உல்ம் நகரத் தேவாலயத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், 161.5 மீட்டர் கோபுரம். எனக்கு அன்று நகரவே முடியாத வேலை. அப்போதைய விலையில் ஆளுக்கு மாதம் 58 யூரோ கொடுத்து இருவருக்கும் ஜெர்மனி டிக்கெட் எடுத்திருந்தேன். அதில் விரைவு ரயிலில் ஏற முடியாது, வட்டார ரயிலில் ஏறலாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நடைமேடை எண், இறங்கும் இடம், திரும்பும் ரயில் எல்லாவற்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, பெட்டியில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பும் ரயில் தாமதமானது, நடைமேடை மாறியது. இந்த நாட்டில் ரயில் தாமதம் புதிய செய்தி இல்லை. 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, ஆறு நிமிடத்துக்குள் வந்தால் அதையும் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு வைக்கிறார்கள். மாமா போன் செய்ததும் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்தேன். அவர்கள் ரயில் ஏறி உட்காரும் வரை போனை வைக்கவில்லை. என் மேலாளர் அன்று ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் இல்லாதபோது ஒரு முடிவு எடுக்கப்பட்டது, அதை மாற்ற எனக்கு இரண்டு வாரம் ஆனது. இது மாமாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அப்போது நினைக்கவும் இல்லை.

மொழி தெரியாத ஊரில் வயதானவர்கள் பயந்துபோவார்கள் என்பது நியாயம்தான். அந்தப் பயத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் பயந்தது வேறு, அநாதையாக விடப்பட்டது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஊரே கேட்கும்படி பேசுவது எந்த நியாயம்?

"பெரியவர்களைப் பற்றிப் பொதுவில் எழுதலாமா" என்று கேட்பவர்களுக்கு: நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டதும் பொதுவில்தான். அதற்கு இதயம் போட்டவர்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு போன் போட்டு, "என்னம்மா நடந்துச்சு" என்று கேட்கவில்லை. "அவ வெள்ளைக்காரி ஆயிட்டா" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது.

அந்த மாதம் முழுவதும் தினமும் மத்தியானம் மாமா தன் இரும்புக் கடைக்குப் போன் செய்தார். சிமெண்ட் வந்ததா, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், கல்லாவில் எவ்வளவு என்று மகனிடம் அரை மணி நேரம் பேசுவார். நாங்கள் எல்லோரும் டிவி சத்தத்தைக் குறைத்துக் காத்திருப்போம். அது அவருடைய தொழில், செய்யத்தான் வேண்டும். அதே மேசையில் நான் லேப்டாப்பைத் திறந்தால் அது மட்டும் ஏன் மரியாதைக் குறைவு ஆகிறது? ஆண் செய்தால் பொறுப்பு, பெண் செய்தால் திமிர் என்று நான் சொல்ல விரும்பவில்லை, ஆனால் என் கணவரும் அதே மாதம் வேலைக்குப் போனார். அவரைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வார்த்தை இல்லை. "பாவம், மாப்பிள்ளைக்கு வேல ஜாஸ்தி" என்று மட்டும் வருகிறது.

நான் அம்பாசமுத்திரம் வரும்போது மாமா ஒருநாளும் கடையை அடைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்ததில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அல்வாப் பொட்டலத்தோடு வருவார். தூக்கம் வந்தாலும் நான் விழித்திருப்பேன். அவர் வந்ததே எனக்குப் பெரிது. கடையில் என்ன நேரம் இருந்தார், என்னோடு என்ன நேரம் இருந்தார் என்று நான் அளந்ததே இல்லை.

மிச்ச லீவு எங்கே போகிறது என்று சொல்கிறேன் என்றேனே, அது என் அம்மாவுக்குப் போகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் இவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் என் வீட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. நான்தான் போக வேண்டும். அந்த லீவை எடுத்து ஜூனில் செலவழித்திருந்தால் டிசம்பரில் அம்மா எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பாள், நான் இங்கே இருப்பேன். மாமா அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கும் இரண்டு குடும்பங்களும் இதைப் படிப்பீர்கள். தாராளமாக வாருங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன், பாஸ்போர்ட் நகலை இந்த வாரமே அனுப்புங்கள். சனி, ஞாயிறு முழுக்க உங்களோடு இருப்பேன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் கிடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது, வேண்டியதைச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். இது ஒத்துவராது என்றால் பக்கத்தில் ஓட்டல் பார்த்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.