புல்வெட்டும் குத்தகை போதாது, ஈயக்குட்டைக் கரைக்கு மரம் வேண்டும்

கோலாலம்பூர் கெப்போங் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டி, வெள்ளீயம் தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கி உண்டான பழைய ஈயக்குட்டையின் கரையில் மறுபடியும் புல்வெட்டும் வேலை நடந்து முடிந்திருக்கிறது. கரை மொட்டையாக, பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பலர் படம் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ கோபம்தான் வருகிறது.

அங்கே வெட்டப்பட்டது புல் அல்ல. மலாயில் செமாலு காஜா என்கிறார்களே, அந்தப் பெரிய தொட்டாற்சிணுங்கி. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த முட்புதர். ஆளுயரத்தைத் தாண்டி வளரும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். காய் முற்றியதும் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை, மேலெல்லாம் சுணை. தண்ணீரில் மிதந்து போகும், கால்சட்டையில் ஒட்டும், நாயின் உடம்பில் ஒட்டும். இந்த முறை காய்கள் பழுப்பேறி நன்றாக முற்றிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். இயந்திரம் சுழன்ற வேகத்தில் விதை கரை முழுவதும் சிதறிவிட்டது. குத்தகை நாட்காட்டியைப் பார்த்து ஓடுகிறது, செடி பூப்பதையும் காய்ப்பதையும் யாரும் பார்ப்பதில்லை.

சாதாரண மண்ணாக இருந்தால்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஈயம் கழுவி எடுத்த பின் மிஞ்சியது வெறும் மணல். அதில் சத்து கிடையாது, ஈரம் நிற்காது, நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. நம் காட்டு மரங்களின் கன்றுகள் அதில் கருகிப்போகும். ஆனால் செமாலு காஜா தன் வேர் முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும். அதன் விதை களிமண்ணைவிட மணலில் வெகுகாலம் தாங்கும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு கைவிடப்பட்டவையும் அதற்கு முன்பே தோண்டித் தீர்ந்தவையும் சேர்ந்து, மலேசியத் தீபகற்பத்தில் இப்படிப்பட்ட நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல். அந்த மணலைத்தான் லோரிகளில் அள்ளிக் கட்டுமான இடங்களுக்கு அனுப்புகிறார்கள். மணலோடு விதையும் ஊர் ஊராகப் போகிறது. சக்கரத்தைக் கழுவிவிட்டு லோரியை வெளியே விடச் சொல்வது அவ்வளவு பெரிய காரியமா?

“மருந்தடித்துவிட்டால் வேலை முடிந்தது” என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பைச் சுமந்து, முகத்தில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு, லாலாங் புற்காட்டிலும் ரப்பர் நிரைகளுக்கிடையிலும் நடந்தவர். அவர் விரல் நகங்கள் கறுத்து உரிந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாராகுவாட் என்ற அந்த மருந்தைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை தோட்டத்துப் பெண்களின் உடம்பு கெட்டது! இன்று குட்டைக் கரையில் பம்போடு நிற்பவர் வங்காளதேசத்துத் தம்பி, அவருக்கும் கையுறை இல்லை. அதே தண்ணீரில் மாலையில் மக்கள் தூண்டில் போட்டுத் திலாப்பியா பிடிக்கிறார்கள். மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூப்பதற்கு முன் வெட்டி, வெட்டிய கட்டையின் மேல் மட்டும் மருந்தைத் தடவினால் கொஞ்சம் போதும், தண்ணீருக்கும் போகாது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், ஆள் வேண்டும். குத்தகைத் தொகையில் அதற்கு இடம் வைப்பதில்லை.

இதற்கெல்லாம் வழி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மலேசிய வன ஆய்வுக் கழகம். ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிக்குப் போய், கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதைப் படம் பிடிக்கிறோமே, அந்த இடம் 1920-களில் காடாக இல்லை. ஈயம் தோண்டிய குழிகளும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்தது. 1926-இல் இடம் தேர்ந்தெடுத்து, மண்ணைத் தேற்றி, கன்று நட்டு, செத்த இடத்தில் மறுபடி நட்டு வளர்த்தார்கள். 500 ஹெக்டேருக்கு மேல் விரிந்த அந்தக் காடு 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மரங்களுக்கடியில் செமாலு காஜா தலையெடுக்க முடியாது. அதன் கன்றுக்கு வெயில் வேண்டும், நிழலும் போட்டியும் இருந்தால் நோஞ்சானாகிவிடும். பேராக் மாநிலம் பீடோரிலும் அதே கழகம் ஈய மணலில் மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சீக்கிரம் வளர்கிறதென்று அக்காசியா மங்கியத்தை மட்டும் நட்டுவிட்டுப் போகக் கூடாது, அதுவே பரவித் தொல்லை தரும் மரம்.

வெளியிலிருந்து வந்த இன்னொரு களையான பார்த்தீனியத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் சிலாங்கூர், பத்தாங் காலியில் அது இருப்பது உறுதி செய்யப்பட்டது. வெள்ளைப் பொட்டுப் பூக்களும் கேரட் இலை போன்ற இலையும் கண்ணில் பட்டால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோல் அரிக்கும், இரைப்புக்காரர்களுக்கு மூச்சுத் திணறும். படம் எடுத்து விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான். புதிய குத்தகையில், காய் பிடிக்குமுன் வெட்ட வேண்டும் என்று எழுதுங்கள். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் குத்தகையாளர் தர வேண்டும் என்று எழுதுங்கள். வெட்டிய இடத்தில் கன்று நட்டு, குறைந்தது ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப் பணம் ஒதுக்குங்கள். கரையோரம் குடியிருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்று கேட்டால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.