ஆளை மாற்றுவது பார்ட்டி அல்ல, பிளெட்ஜ்

அமெரிக்காவில் பிள்ளை முதலாண்டு கல்லூரி சேர்ந்ததும் நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி: "ஃப்ராட்ல சேரணுமாம், விடலாமா?" (நம்மூர் 'ஃப்ராடு' இல்லைங்க. ஃப்ரெட்டர்னிட்டி என்ற ஆண் மாணவர் சங்கத்தின் செல்லச் சுருக்கம். பெண்களுக்கானது சொரோரிட்டி.) பெற்றோர் பயப்படுவது பார்ட்டிக்கு. என்னைக் கேட்டால், முழு உறுப்பினராகும் முன் வரும், பிளெட்ஜ் காலம் எனப்படும் அந்த ஆறேழு வாரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் 'ரஷ்': ஒவ்வொரு சங்கத்தின் வீட்டுக்கும் போய்ப் பழகுவது. பிடித்துப்போனால் 'பிட்' என்ற அழைப்பு வரும். ஏற்றுக்கொண்டால் பிளெட்ஜ். சங்க வரலாறு, கிரேக்க எழுத்துகள், உறுப்பினர் பெயர்கள் என எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். 'பிக்' என்று ஓர் அண்ணனோ அக்காவோ கிடைப்பார். கடைசியில் ரகசியச் சடங்கு. பெரிய சொரோரிட்டிகளில் ரஷ்ஷின் இறுதி நாளன்று விருப்ப வரிசை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிட் வந்தபின் மறுத்தால், அதே வளாகத்தில் அடுத்த ஆண்டு ரஷ் வரை வேறு சொரோரிட்டிக்குப் போக முடியாது. இது தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

இந்த வாரங்கள் ஏன் ஆளை மாற்றுகின்றன? 1959-ல் ஆரன்சன், மில்ஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவில் சேர, சில மாணவிகள் கூச்சமூட்டும் சொற்களை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு அவர்களுக்குக் கேட்கக் கிடைத்ததோ வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த உரையாடல். அதிகம் கூசியவர்கள்தான் அந்தக் குழுவை அதிகம் மெச்சினார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு விடுவதில்லை. போன வருடம் கொடுமையை வாங்கியவனே இந்த வருடம் கொடுப்பதும் இதனால்தான்.

புதிதாகச் சேர்பவரை வதைக்கும் அந்தக் கொடுமையின் பெயர் ஹேசிங். நம் ராகிங்குக்கு (தமிழ்நாட்டில் 1997-லேயே தடைச் சட்டம்) ஒன்றுவிட்ட தம்பி என்றாலும் ஒரு வித்தியாசம்: இங்கே மாட்டுகிறவன் விரும்பிப் போகிறான், தானே மறைக்கிறான். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிட் ஏற்ற இரவில் ஒரு மாணவனுக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டது. படிக்கட்டில் விழுந்தான். ஆம்புலன்ஸை அழைக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது, அவன் பிழைக்கவில்லை. போதையில் இருப்பவன் புரளாதிருக்க முதுகில் புத்தகப்பை மாட்டுவது இவர்களின் 'முதலுதவி'. எழுப்பியும் எழாதவனுக்கு 911 என்ற அவசர எண் ஒன்றே வழி. அழைத்தால் சங்கத்தை மூடிவிடுவார்களே என்ற பயம் அங்கே கையைக் கட்டிப்போடுகிறது.

நன்மை இல்லையா? இருக்கிறது. ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஃப்ராட் உறுப்பினர்களின் சராசரி மதிப்பெண் 4-க்குக் கால் புள்ளி குறைந்தது, பிற்கால வருமானமோ 36 சதவீதம் கூடியது. ஒரே கல்லூரி என்பதால் நான் இதைத் தலையில் தூக்கிவைக்க மாட்டேன். ஆனால் பழக்கம் பட்டத்தோடு முடிவதில்லை என்பது நிஜம். கறுப்பின மாணவிகள் 1908-ல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் கமலா ஹாரிஸ் மாணவியாகச் சேர்ந்தார். 2020 தேர்தலில் அந்தச் சகோதரிகள் அவருக்காகத் திரண்டார்கள்.

சேர்வதென்றால் முதல் செமஸ்டரை விட்டு இரண்டாவதில் சேரட்டும். அதற்குள் வேறு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள், நடுவில் விலகத் துணிவு வரும். 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் ஹேசிங் அறிக்கையை இணையத்தில் வெளியிட வேண்டும். சங்கத்தின் பெயரை அதில் தேடுங்கள். சந்தா எவ்வளவு, வீட்டு வாடகை தனியா, அபராதம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு உறுப்பினரிடம் ஒரே கேள்வி: "போன வருடம் பாதியில் விலகியவர்கள் யார், ஏன்?" பதில் வராமல் சிரிப்பு வந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.