1873ஆம் ஆண்டுச் சட்டம் மட்டுமா தடை?

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசு சார்பில் அல்லாமல் தனிப்பட்ட முறையில் கொண்டுவரும் மனநலச் சட்டமூலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மனநோயாளர் தொடர்பான பழைய 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை நீக்கிப் புதிய மனநலச் சட்டம் கொண்டுவந்தால் மக்கள் தயக்கமின்றிச் சிகிச்சைக்கு வருவார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, உயிரை மாய்க்க முயன்ற உறவுக்காரப் பையன் ஒருவனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, பொலிஸ் வழக்குப் போடும் என்ற பயத்தில் வீட்டுப் பெரியவர்கள் அதை விபத்து என்றே சொன்னார்கள். விபத்தாகப் பதிவானவனை மனநலப் பிரிவுக்கு யார் அனுப்புவார்கள்? காயத்துக்கு மட்டும் மருந்து கட்டி அனுப்பினார்கள். பாராளுமன்றம் நீக்கிய சட்டப்பிரிவு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இன்னும் அமுலில்தான் இருக்கிறது! அதற்காக, தனி உறுப்பினர் சட்டமூலம் வெறும் விளம்பரம் என்று மேலே ஒரு வாசகர் எழுதியதையும் ஏற்கமாட்டேன். சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமாகிவிட்டால் அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்பது நம் அரசியலமைப்பு. ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக விடுதியில் வைத்திருக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் எங்கே முறையிடுவது என்பதையெல்லாம் சட்டமூலமாக இருக்கும்போதே கேட்டாக வேண்டும். அந்த உறுப்பினர் கொழும்பு நிபுணர்களோடு நின்றுவிடாமல், தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பங்களிடமும் வாக்கெடுப்புக்கு முன்னரே பேசட்டும்.